கௌசியாவின் பின்னல்

சண்முகவேலின் செய்தி வந்தபோது அக்தர் பானு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைக்காமலே போனை எடுத்தார்.

காலையிலிருந்து எடுத்தபடிதான் இருக்கிறார். நேற்று வாட்ஸ்அப் இலக்கியக் குழுவில் அவர் போட்ட கதைக்கு ஐம்பத்திரண்டு பேர் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். ஆறு பேர் அழுதுவிட்டதாக எழுதியிருந்தார்கள். இதில் எத்தனை பேர் கடைசிவரை படித்தார்கள் என்று கேட்பது அந்தக் குழுவில் நாகரிகம் இல்லை.

நாகரிகம்தான் குழுவுக்கு உயிர். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வுபெற்ற அக்தர் பானு, ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து அதற்கு ஏழு விதிகள் எழுதிவைத்திருந்தார். ஒரு குறை சொல்வதற்கு முன் இரண்டு நிறை சொல்ல வேண்டும் என்பது முதல் விதி. எழுதியவரின் சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது என்பது மூன்றாவது. மற்றவையும் இதே ரகம்.

ஏழு வருஷத்தில் எல்லோரும் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். சண்முகவேல் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அவர் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் லாரியோடு பாதி வருஷம் வடநாட்டில் கிடப்பவர். வேலை இல்லாத நேரத்தில் குழுவில் வரும் எல்லாக் கதைகளையும் வரிவரியாகப் படிப்பார். அது எல்லோருக்கும் பெரிய தொல்லையாக இருந்தது.

அக்தர் பானு எழுதியது அக்கா தங்கை கதை. நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கைக்குப் புற்றுநோய். எட்டு மாதம் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அக்கா பஸ் பிடித்து வாழப்பாடிக்குப் போகிறாள். கட்டிலோரம் உட்கார்ந்து, தங்கையின் இடுப்பளவு முடியைச் சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, நீளமாகப் பின்னிவிடுகிறாள். “இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கா உனக்கு?” என்று கேட்டுச் சிரிக்கிறாள் தங்கை. அதோடு கதை முடிகிறது.

அக்தர் பானுவின் தங்கை கௌசியா போன வருஷம் மௌத்தானது குழுவுக்கே தெரியும். அதனால் இது வெறும் கதை என்று ஒருவரும் நினைக்கவில்லை. ‘தங்கையை இப்படி வழியனுப்பும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், அம்மா’ என்று மோகனூர் மணியன் எழுதியிருந்தார்.

மூன்றாவது விதி அந்த வரியில் பட்டப்பகலில் உடைந்து கிடந்தது. அக்தர் பானு கண்டுகொள்ளவில்லை. திரும்பத் திரும்பப் படித்தார். படிக்கப் படிக்க அந்தப் பின்னலின் கனம் அவர் விரல்களில் தெரிந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்.

இப்போது சண்முகவேல் எழுதியிருந்தார்:

“வணக்கமுங்க மேடம். எழுத்து நல்லாருக்குதுங்க. அந்தத் தங்கச்சி பேசறதும் நல்லாருக்குதுங்க. ஒண்ணு மட்டும் இடிக்குது. எங்கூட்டுக்காரிக்கு ரெண்டாவது ஊசிக்கே தலகாணி பூராவும் முடிங்க. மூணாவதுக்கு மொட்டை. எட்டு மாசம் ஊசி போட்டவங்களுக்கு இடுப்பு வரைக்கும் பின்னல் ஏதுங்க? இந்த அக்கா நேர்ல போய்ப் பாத்த மாதிரி தெரியலீங்களே.”

இரண்டு நிறை, ஒரு குறை. வாழ்நாளில் முதல் தடவையாக மனிதர் விதிப்படி எழுதியிருந்தார்.

அக்தர் பானு கடைசி வரியை மறுபடி படித்தார்.

அதற்குள் குழு பொங்கிவிட்டது. ‘மாற்றுக்கருத்தை மதிக்கிறோம் ஐயா, ஆனால் துக்க வீட்டில் பேசுகிற பேச்சா இது?’ என்றார் அப்புசாமி. ‘மனம் கனக்கிறது சகோதரரே’ என்றார் பிரவீனா. மன்னிப்புக் கேட்கும்படி நான்கு பேர் மிக மரியாதையாக வற்புறுத்தினார்கள். சண்முகவேலின் மனைவி இப்போது இருக்கிறாரா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தப்பென்றால் மன்னிக்கச் சொல்லி அவரும் எழுதிவிட்டார். சந்தேகத்தைத்தான் கேட்டேனுங்க என்றார்.

அந்தச் சந்தேகம்தான் அக்தர் பானுவுக்குப் பொறுக்கவில்லை. புளிக்கையோடு மடமடவென்று தட்டினார்: ‘அன்புச் சகோதரர் சண்முகவேல் இதுவரை ஆற்றிய பங்களிப்புக்கு நன்றி. மூன்றாவது விதியின்படி, கனத்த மனதோடு அவருக்கு விடைகொடுக்கிறோம்.’

அனுப்பினார். ஆளை நீக்கினார். கைகூப்பும் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. மணியன் அவரது பொறுமையைப் பாராட்டினார். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் பழையபடி சுமுகமாகிவிட்டது. அக்தர் பானு ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார்.

அப்போது குழுவில் தஸ்னீமின் பெயர் வந்தது.

கௌசியாவின் மகள். உறவு நன்றாக இருந்த காலத்தில் அக்தர் பானுவே அவளைக் குழுவில் சேர்த்திருந்தார். பிறகு தன் மகன் பயாஸுக்கு அவளைப் பெண் கேட்டு, கௌசியா முடியாது என்றதில்தான் பேச்சு நின்றது. ஏழு வருஷத்தில் தஸ்னீம் ஒரு வரி எழுதியதில்லை, ஒரு பூ வைத்ததில்லை. அவள் உள்ளே இருப்பதையே அக்தர் பானு மறந்துவிட்டிருந்தார்.

அறுபது பேருக்கும் பொதுவில், நிதானமாக, ஒரு பிழையும் இல்லாமல் அவள் எழுதியிருந்தாள்:

“கதை படிச்சேன் பெரியம்மா. ரொம்ப நல்லா இருக்கு. நீங்க வந்திருந்தா அம்மா இப்படித்தான் பேசியிருப்பாங்க.”