ஒன்பதாவது வார்டில் முதல் வேலை

ஒன்பதாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றதும் தவசிமுத்து மனைவி பெயரில் மனு போடக் கிளம்பிவிட்டார். சத்துணவுக் கூடத்தில் சம்பளம் வாங்குகிறவள் தேர்தலில் நிற்க முடியாது என்றார்கள். அதற்கென்ன, பத்தொன்பது வருஷத்து வேலைக்கு ராஜினாமாவை அவரே எழுதி நீட்டினார். தோற்றுப்போனால் யார் காலில் விழுந்தாவது திரும்பப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில்தான் செண்பகம் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து கும்பிட்ட கையும் மூடிய வாயுமாக அவர் பின்னால் தெருத்தெருவாக நடக்கிறாள்.

"வீட்டு வரி பாதி! வீட்டுக்கு ஒரு வேலை!" பேச்செல்லாம் அவருடையதுதான்.

"வேலை வேலைன்னு எல்லாரும்தான் சொல்லுதிய. எங்க இருக்கு, காட்டுங்க பாப்பம்," என்றாள் கடைசி வீட்டு முத்துக்கனி. "எங்க வீட்டுல ஏழு ஓட்டு."

தவசிமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இந்தா நிக்காள்லா, இவ இடம் காலியாத்தான கிடக்கு? மேல சொல்லி உனக்கே வாங்கித் தாரேன். ஏழும் நமக்குத்தான?"

"சத்தியமா அண்ணாச்சி!" முத்துக்கனி செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். "யக்கா, காலையில எத்தன மணிக்கு உலை வைக்கணும்?"



"சொல்லேன் ளா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றார் தவசிமுத்து.

கும்பிட்ட கையை இறக்காமலே செண்பகம் வாயைத் திறந்தாள்.

"எட்டரைக்கு. மூணாங்கிளாஸ்ல ஒரு பிள்ளை இருக்கு. ரெண்டாந்தடவை சோறு வேணும்னு வாய்விட்டுக் கேக்காது. நீயாப் பாத்துப் போடணும்."