வாணலி வேண்டாம்

"உன் ஆளு இன்னிக்கும் வர்றாரு பாரு. கார்டு மேல இல்ல, உன்மேலதான் கண்ணு" என்று நோயெமி யாதிராவை முழங்கையால் இடித்தாள்.

வெராக்ரூஸ் நகரத்து சூப்பர் மார்க்கெட் ஒன்றின் வாசலில் இருவரும் கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடிக்கிறவர்கள். கார்டு எடுத்தால் வாணலி இலவசம். அந்த ஆள், எலுத்தேரியோ, தினமும் வருவார். யாதிரா சொல்வதை முழுசாகக் கேட்பார், பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் யோசிப்பார், "வேண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இன்றும் அதேதான். யாதிராவுக்குப் பொறுக்கவில்லை.

"எடுக்கவே போறதில்ல. அப்புறம் எதுக்கு சார் தினமும் வந்து நிக்கிறீங்க?"

அவர் நெளிந்தார். "வீடு பூரா வாணலிங்க. எனக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது. புதுக் கார்டுன்னாலே கை பரபரக்கும், கையெழுத்துப் போட்டுடுவேன். சம்பளமெல்லாம் வட்டிக்கே போச்சு. அதான் வேண்டாம்னு சொல்லிப் பழகுறேன். உங்ககிட்டயே சொல்லிட்டா யார்கிட்டயும் சொல்லிடலாம்."

"ஏன், நான் என்ன அவ்வளவு பயங்கரமா?"

"உங்ககிட்ட சொல்றதுதாங்க ரொம்பக் கஷ்டமா இருக்கு."

நோயெமி இருமினாள். யாதிரா விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆறு மணிக்கு எனக்கு வேலை முடியுது. பால் காபி குடிக்கப் போலாமா?"

"வேண்டாங்க."

பட்டென்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பேருந்து நிறுத்தம் வரை போனவர், அங்கே அப்படியே நின்றார். பிறகு திரும்பி ஓடி வந்தார்.

"பழக்கதோஷங்க" என்றார் மூச்சிரைக்க. "ஆறு மணின்னுதானே சொன்னீங்க?"