சவுரி

விலைக்கு வீடு பார்க்க இதுவரை வந்த மூன்று பேரும் தண்ணீரை வாயில் வைத்ததுமே ஓடிவிட்டார்கள். இந்தத் தடவை மாசிலாமணி குழாய்களில் படிந்திருந்த உப்பை ஆசிட் ஊற்றித் தேய்த்து, மேல்தொட்டியில் லாரித் தண்ணீரை நிரப்பிவிட்டான். அவன் மனைவி அமிர்தவல்லி, கொட்டிப்போய் மிஞ்சிய கூந்தலோடு சவுரி வைத்துப் பின்னிக்கொண்டாள்.

கணவனோடு வீடு பார்க்க வந்த பெண்ணுக்கு முழங்கால்வரை சடை. சோப்புப் போட்டுக் கை கழுவிப் பார்த்தாள்.

"நுரை நல்லா வருதே! எத்தனை வருஷமா இருக்கீங்கக்கா?"

"ஆறு வருஷம்."

"ஆறு வருஷம் இந்தத் தண்ணியில குளிச்சும் முடி இவ்வளவு இருக்கே!" கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இதையே முடிச்சிடலாம்."

மாசிலாமணி சிரித்தான். அமிர்தவல்லியின் கை பின்னால் போய், சவுரியைப் பிடித்திருந்த கொண்டை ஊசியைத் தொட்டு, அங்கேயே நின்றது.