பைகளுக்குக் காவல்

பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன் நின்றாள்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. வார் முழுக்கப் பஞ்சு. இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டிலுக்கு வலை. ஈரத் துணிக்குத் தனி அறை. தோளை உறுத்தவே இல்லை. ஒரு குடும்பமே உள்ளே போகும்.

அதுதான் வேண்டாம்.

கழற்றி வைத்தாள்.

குறுக்கே மாட்டுகிற சின்னப் பை ஒன்றை எடுத்தாள். போன், கைக்குட்டை, மாத்திரை. கூட ஒரு சீப்பு வைத்தால் ஜிப் மூடாது.

"தீம் பார்க்குக்கு இது எப்படிம்மா பத்தும்? எத்தனை பேர் போறீங்க?"

வாரைத் தன் அளவுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு கோடைக்கும் தம்பி குடும்பம் தீம் பார்க் போகும். அவளும் போவாள். கல்யாணம் ஆகாமல் கூடவே தங்கிவிட்ட அக்காவை வீட்டில் விட்டுப் போக அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. அவளுக்கும் முழு டிக்கெட் எடுப்பார்கள். உள்ளே போனதும் நல்ல நிழலாகப் பார்த்து உட்கார வைப்பார்கள். மடியில் ஒரு பை, பக்கத்தில் ஒரு பை, காலடியில் எல்லோருடைய செருப்பும்.

"அத்தை பாத்துப்பாங்க."

அத்தை பார்த்துக்கொண்டாள். பைகளை. எதிரே சுற்றிக்கொண்டிருந்த ராட்சத ராட்டினத்தையும்.

மேலே போகிறவர்கள் கத்துவார்கள். இறங்கி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். மேலே அப்படி என்னதான் இருக்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட வேண்டும். இந்த வயதில் இதை வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள். பையைச் சின்னதாக வாங்கிவிட்டால் சொல்லவே தேவையில்லை.

சின்னதையே வாங்கினாள்.

கிளம்புகிற காலையில் தம்பி மனைவி சுகுணா கை நிறையத் துண்டுகளோடு வந்தாள்.

"என்ன அண்ணி, இதுல ஒரு துண்டுகூட நுழையாதே?"

"தோள் வலி சுகுணா. கனமா எதையும் தூக்க முடியல."

பொய். சண்டை வரும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். சுகுணா ஒரு கணம் யோசித்தாள், அவ்வளவுதான். பார்க் வாசலிலேயே லாக்கர் இருந்தது. தம்பி எல்லாவற்றையும் அதில் அடைத்துப் பூட்டி, சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான்.

இத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு கையையும் வீசி நடந்தாள்.

பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். சுகுணா அவர்கள் பின்னால் ஓடினாள்.

"எங்க சுத்தினாலும் சாப்பாட்டு நேரத்துக்கு இங்க வந்துடுக்கா" என்று சொல்லிவிட்டுத் தம்பியும் போனான்.

ஏறுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. ஏறாதே என்றும் சொல்லவில்லை.

பைகளோடு உட்கார்ந்திருந்தபோது யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். தண்ணீர் கேட்டு வருவார்கள். துவட்டிவிடச் சொல்லித் தலையை நீட்டுவார்கள். சின்னவன் ஈரத்தோடு மடியில் விழுந்து, புடவையை நனைத்துவிட்டு ஓடுவான். திட்டிக்கொண்டே அடுத்த முறை எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்றைக்கு அவர்களுக்கு வேண்டியதெல்லாம் லாக்கரில் இருந்தது.

கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. இதற்கு அந்தப் பெரிய பையையே வாங்கியிருக்கலாம்.

போய் ராட்டின வரிசையில் நின்றாள். வந்ததற்கு அதையாவது பார்த்துவிடலாம்.

வரிசை நகர்ந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாம் இரண்டு இரண்டு பேராக ஏறினார்கள். அவள் முறை வந்ததும் கதவைப் பிடித்திருந்த சீருடைக்காரர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரும்மா?"

அவள் சின்னப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"தனியா ஏத்த மாட்டோம். ஜோடியா வரணும்."

வரிசை முழுவதும் தன்னையே பார்ப்பது போலிருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். கால் நகரவில்லை.

"இருக்காரு" என்றாள். "அங்க மரத்தடியில உக்காந்திருக்காரு. யாராவது ஒருத்தர் பையைப் பாத்துக்கணும்ல?"

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை.

சீருடைக்காரர் தலையாட்டினார். தினமும் கேட்கிற காரணம்தான் போல. பின்னால் மூன்று பேராக வந்த கல்லூரிப் பெண்களில் ஒருத்தியை அவளுக்கு எதிரே உட்கார வைத்துத் தாழ்ப்பாளைப் போட்டார்.

பெட்டி ஆடிக்கொண்டு மேலே கிளம்பியது. தரை விலகியது. மரங்களின் உச்சி கீழே போயிற்று. காற்று புடவையைப் பிடித்து இழுத்தது.

அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வரிசையில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அங்கிள் எங்க ஆன்ட்டி? பாவம், தனியா உக்காந்திருக்காரே. கை காட்டுங்க."

கீழே பார்த்தாள். மரத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய முகமும் தெரியவில்லை. மடியில் குவிந்த பைகள் மட்டும் தெரிந்தன.

அதில் ஒருவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வெள்ளைச் சட்டை. தலையில் கொஞ்சம் வழுக்கை.

அவர் அண்ணாந்தார். தனக்கா என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அவள் கையை இறக்கவில்லை.