எந்தக் கடை அத்தர்?

பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் செம்பட்டி தாண்டிவிட்டதாக போன் வந்ததிலிருந்து நாசருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கட்டில் ரோஜா அத்தரைத் தடவி மனைவியிடம் நீட்டினார்.

"மோந்து பாரு தாஹிரா."

"ரோஜாவுக்கு அடியில அந்த வாடை வருதுங்க."

முழங்கைக்கு ஊது அத்தர். கழுத்துக்கு, கடைக்காரர் புதுசு என்று தந்த மழைமண் வாசம். மூன்றும் கலந்ததில் அவருக்கே குமட்டியது.

"போன தடவை வந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டே போனாங்கள்ல அத்தா, கழுவிருங்க!" என்றாள் மகள் ஷமா.

சோப்புப் போட்டுத் தேய்த்து முடிப்பதற்குள் வாசலில் கார் நின்றது. நாசர் எட்ட நின்றே ஸலாம் சொன்னார். துபாய் மாப்பிள்ளை அயாஸ் விடவில்லை. நெருங்கிவந்து கட்டித் தழுவினான். தழுவியவன் விலகாமல் மூச்சை ஆழ இழுத்தான்.

"மாமா, லெதர் பெர்ஃப்யூமா? அங்கன நான் போட்டுப் பாக்காத பாட்டில் இல்ல. ஒண்ணுலயும் இம்புட்டு அசலா வரல. எந்தக் கடையில வாங்குனீங்க?"

நாசர் தன் ஈரக் கைகளைப் பார்த்தார்.

"வாங்கல மாப்ள. நான் வேலை பாக்குற தோல் பதனிடுற ஷாப்புல இருபது வருஷமா சம்பளத்தோட சேத்துக் குடுக்குறாங்க."