தாய் பேச வேண்டிய வரி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநிற்கும் லயத்தின் கடைசி வீட்டில், விதுர்ஷா டீச்சர் காலையிலிருந்து ஒரே வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடிக்கப்போகும் நாடகத்தில், குவைத்துக்குப் புறப்படும் தாய் தன் மகளிடம் சொல்லும் கடைசி வார்த்தை அது. நாளைக்கு ஒத்திகை. எழுதுகிறாள், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள், பொய்யாகக் கேட்கிறது, அடித்துவிடுகிறாள். திறந்த கதவு வழியே பனிமூட்டம் நுழைந்து தாள்களை ஈரமாக்குகிறது. பிளேன்டீ ஆறிக் கறுத்துக் கிடக்கிறது. நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, இருந்த சொற்களெல்லாம் தீர்ந்துபோனதுபோல் தலைக்குள் ஒரே வெறுமை. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பக்கத்து வீட்டுக் கலாராணி வாசலில் நிற்கிறாள். "இன்னும் எழுதிக்கிட்டா இருக்க? சோறு தின்னியா புள்ள?" விதுர்ஷா தலை நிமிராமலே கேட்கிறாள்: "அக்கா, எங்கம்மா குவைத்துக்குப் போறப்ப எங்கிட்ட என்ன சொன்னுச்சு? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல." கலாராணி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். "ஒண்ணும் சொல்லல புள்ள. நீ தூங்கிக்கிட்டு இருந்த. எழுப்பினா போக மனசு வராதுன்னு அப்படியே போயிருச்சு." விதுர்ஷா பேனாவை மூடி வைக்கிறாள். லயத்து வீடுகளிலெல்லாம் அடுப்புப் புகை எழுகிறது. அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போகவில்லை. தாளில் தாயின் வரிக்கென்று விட்டிருந்த வெற்றிடத்தை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.