தாத்தாவுக்கு எதுன்னா உயிர்?

அன்று மசாக்கா ஊரில் அந்தப் பள்ளி வாசலில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: கலிபாலா ஐயா, வாசல் காக்கும் நக்காயி, சட்டியில் வெட்டுக்கிளி வறுத்து விற்கும் செம்பாலா, ஐயாவின் பக்கத்து வீட்டுத் தெரேசா, கம்பிக்கதவுக்கு உள்ளே ஐயாவின் பேத்தி கிஸ்ஸா. ஆறாவதாகத் தானும் இருந்ததாக எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நக்காயி முறைப்படி மண்டியிட்டு ஐயாவுக்கு வணக்கம் சொன்னாள். பிறகு எழுந்து, கதவை இழுத்துப் பூட்டினாள்.

"ரகசியச் சொல்லு ஐயா?"

"என்ன சொல்லு? மருமகளுக்குப் பிரசவ வலி. மகன் ஆஸ்பத்திரியில நிக்கிறான். பேத்தியைக் கூட்டிட்டுப் போக நானே வந்திருக்கேன். போதாதா?"

"போதாது ஐயா. யார் வந்தாலும் பிள்ளை எழுதிக் குடுத்த கேள்விக்குப் பதில் சொல்லணும். அப்புறம்தான் சாவி."

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"நல்லாத் தெரியும். போன வருஷம் அடுத்த பள்ளிக்கூடத்துல பிள்ளையைத் தூக்கிட்டுப் போனானே, அவனையும் எல்லாருக்கும் நல்லாத் தெரியும்."

இந்த விதி வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவரே ஐயாதான்.

நவம்பர் மாதம். செம்பாலாவின் சட்டிப் புகை காற்றில் ஏறி வந்தது. ஐயா வெள்ளை அங்கியின் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வெட்டுக்கிளிக் குலத்துக்கு மூத்தவர் அவர். ஊரே கைநிறைய அள்ளித் தின்னும் மாதத்தில் வெட்டுக்கிளியே குலச்சின்னம் என்பதால் அந்தக் குலத்தார் மட்டும் ஒரு பூச்சியையும் நாவில் வைக்கக் கூடாது. வைத்தவனைக் குலக்கூட்டத்தின் நடுவே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்பவரும் அவரே.

"சட்டியைத் தள்ளி வைடா! இதுல எண்ணெய் வேற ஊத்தறான் மடையன். அதோட கொழுப்புலயே வறுபடணும்னு தெரியாதா?"

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்று செம்பாலா அடுப்போடு நகர்ந்தான்.

நக்காயி சீட்டைப் பிரித்தாள். "கேள்வி இதுதான்: 'எங்க தாத்தாவுக்கு எதுன்னா உயிர்?' மூணு தடவை சொல்லலாம். மூணும் தப்புன்னா நான் போலீசைக் கூப்பிடணும்."

ஐயாவின் முகம் மலர்ந்தது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

"மானம்!" என்றார், தெருக்கோடி வரை கேட்கும்படி.

"இல்லீங்க."

தெரேசா களுக்கென்று சிரித்தாள். ஐயா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"குலம்!"

"அதுவும் இல்லீங்க ஐயா."

"அரசரைச் சொல்லிப் பாருங்க" என்றான் செம்பாலா.

"வாயை மூடு! ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

கிஸ்ஸா கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "தாத்தா, யோசிங்க தாத்தா! உங்களுக்குத் தெரியும்!"

"அடி கழுதை, நீதானேடி என் உயிரு?"

"நான் இல்ல! நான் ரெண்டாவது!"

செம்பாலா கரண்டியைக் கீழே போட்டான். தெரேசா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நக்காயி சிரிப்பை அடக்கிக்கொண்டே போனைக் கையில் எடுத்தாள். "பேத்திகிட்ட கேட்டது கணக்குல இல்லீங்க ஐயா, இன்னும் ஒரே தடவைதான்." பிள்ளை பிடிக்கிறவன் என்று கலிபாலா குடும்பத்து மூத்தவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றினால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு நிற்காது.

ஐயா பேத்தியைப் பார்த்தார். பேத்தி ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள். அவருக்கு விளங்கிவிட்டது.

எவர் முன்னும் வளையாத முதுகு மெல்ல வளைந்தது. நக்காயியின் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

நக்காயிக்குத் தோள்கள் குலுங்கின. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சாவி பூட்டுக்குள் போகவே மூன்று முறை தவறியது. கதவு திறந்தது, கிஸ்ஸா தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளிப் போனாள்.

அன்றிரவே பேரன் பிறந்தான். விடிவதற்குள் தெரேசாவின் வாயில் வதந்தியும் பிறந்தது: 'அவரு பதிலே சொல்லல. பெரிய மனுஷன் காதுல ஏதோ மிரட்டினாரு, அவ பயந்து திறந்துட்டா.'

காலையில் பெற்றோர் எல்லாரும் பள்ளியில் கூடிவிட்டார்கள். தலைமை ஆசிரியையின் மேசைமேல் நக்காயியின் சாவிக்கொத்து கிடந்தது.

"அவர் என்ன சொன்னார்னு சொல்லிட்டா உன் வேலை போகாது. சொல்லு."

"மாட்டேன் அம்மா. அது பிள்ளையோட ரகசியம். நாலு பேர் காதுல விழுந்தா நாளைக்கு எவன் வேணா வந்து சொல்லிப் பிள்ளையைக் கொண்டு போயிடுவான்."

"அப்படின்னா சாவி இங்கயே இருக்கட்டும். நீ போகலாம்."

நக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நில்லும்மா."

கலிபாலா ஐயா எழுந்தார். முன்வரிசையில் அவருடைய தம்பிகள் நால்வர், பின்னால் குலத்தில் பாதி. அங்கியின் சுருக்கத்தை நீவிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"ஊர் பேசறது பொய். இந்தப் பொண்ணு யாருக்கும் பயந்து கதவைத் திறக்கல. சரியான பதில் கேட்டுத்தான் திறந்தா. என் பேத்திக்கு இன்னிக்கே வேற கேள்வி எழுதி வைங்க, பழைய பதிலை நானே சொல்லிடறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு வறுத்த வெட்டுக்கிளின்னா உயிரு."